பிரிட்டனின் குரூமிங் கும்பல்கள்: இத்தனை விசாரணைகளுக்குப் பிறகு அரசு மாற்றியது என்ன?

கேள்வி இதுதான்: பிரிட்டனில் சிறுமிகளைக் கும்பலாகப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கிய வழக்குகள் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன, அப்படியிருக்க மறுபடியும் ஒரு தேசிய விசாரணை எதற்கு, அரசின் கொள்கையில் உண்மையாகவே எதுவும் மாறியிருக்கிறதா, இல்லை எல்லாம் அரசியல் கூச்சல்தானா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் அதிகாரிகளுக்கு நடப்பது தெரிந்தே இருந்தது. தெரிந்தவர்கள், அந்தச் சிறுமியைப் பாதிக்கப்பட்ட குழந்தையாகப் பார்க்காமல், தானே விரும்பிக் கெட்டுப்போன பெண்ணாகப் பார்த்தார்கள். ஆகவே எந்தக் கொள்கையையும், காவல் நிலையத்திலோ சமூகப் பணியாளரின் அலுவலகத்திலோ அவளை முதன்முதலில் எதிர்கொள்ளும் அதிகாரியின் முடிவை அது மாற்றுகிறதா என்று பார்த்தே எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் 2025இல் அறிவிக்கப்பட்டவற்றில் சில உண்மையிலேயே முக்கியமானவை, சில அரைகுறையானவை, ஒன்றிரண்டில் அரசு வெளிப்படையாகவே பின்வாங்கியிருக்கிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பதின்ம வயதின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு சிறுமியிடம், பல சமயம் காப்பகத்தில் வளர்பவளிடம் அல்லது வீட்டில் கவனிப்பாரற்றுப் போனவளிடம், ஓர் இளைஞன் காதலனைப் போல நெருங்குகிறான். சாப்பாடு, சிகரெட், மது, காரில் ஊர்சுற்றல் என்று பழக்கம் வளர்கிறது. பிறகு அவள் அவனுடைய நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கைமாற்றப்படுகிறாள். மறுத்தால் அடி, மிரட்டல், வீட்டாருக்கு ஆபத்து. இரவு நேர உணவுக் கடைகளும் வாடகைக் கார் நிறுவனங்களும் பல ஊர்களில் இந்த வலையின் முடிச்சுகளாக இருந்தன.

தெற்கு யார்க்ஷயரில் உள்ள ரோதர்ஹாம்தான் இந்த விவகாரத்தை நாடறியச் செய்த ஊர். டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர் ஆண்ட்ரூ நோர்ஃபோக் 2011 முதல் தொடர்ந்து எழுதியதன் விளைவாகப் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். 1997 முதல் 2013 வரையிலான காலத்தில் குறைந்த மதிப்பீட்டின்படியே ஏறத்தாழ 1,400 குழந்தைகள் சுரண்டப்பட்டார்கள் என்று 2014 ஆகஸ்டில் அவருடைய அறிக்கை சொன்னது. அந்த எண்ணிக்கையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னை அதைவிட உறுத்துவது அதே அறிக்கையில் உள்ள வேறொரு செய்தி: 2002, 2003, 2006 ஆகிய ஆண்டுகளிலேயே இதைப் பற்றி மூன்று அறிக்கைகள் எழுதப்பட்டிருந்தன. முதலாவது ஏறக்குறைய அமுக்கப்பட்டது. மற்ற இரண்டும் காவல்துறையின் கையிலும் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி நிர்வாகத்தின் கையிலும் கிடைத்தும் பயனில்லாமல் போயின. பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேலானோர் ஏற்கெனவே குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு அறிமுகமானவர்கள். அச்சிறுமிகளோடு நெருங்கிப் பழகி அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றிருந்த ‘ரிஸ்கி பிசினஸ்’ என்ற சிறிய இளைஞர் சேவைத் திட்டத்தையும் கவுன்சில் 2011இல் மூடிவிட்டது.

மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ராச்டேலிலும் நடந்தது அதே கதைதான். அங்கே சுகாதாரத் துறையின் நெருக்கடிக் குழுவை நடத்திய சாரா ரோபோதம், 2005க்கும் 2011க்கும் இடையில் 180 தடவைக்கும் மேல் காவல்துறைக்கும் சமூக சேவைத் துறைக்கும் எழுத்துமூலம் தகவல் அனுப்பினார். 2008இல் ஒரு சிறுமி நேரடியாகவே காவல்துறையிடம் சொன்னாள். ஆனால் அவள் நம்பத்தகுந்த சாட்சியல்ல, நடுவர்கள் முன் நிற்க மாட்டாள் என்று கருதி அரசு வழக்குத் தொடரும் அமைப்பு 2009இல் வழக்கைக் கைவிட்டது. வடமேற்கு இங்கிலாந்தின் தலைமை வழக்கறிஞராக நஸீர் அஃப்சல் பொறுப்பேற்று 2011இல் அந்த முடிவை மாற்றிய பிறகே, 2012 மே மாதத்தில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள். புதிய சாட்சியம் மலைபோல் குவிந்ததால் இது நடக்கவில்லை; அதே சிறுமியை வேறொரு கண் பார்த்தது, அவ்வளவுதான். ஒரே சட்டம், ஏறக்குறைய அதே ஆதாரங்கள், ஆனால் நேரெதிரான இரண்டு முடிவுகள்.

அந்தக் காலத்தில், அதாவது 2008 முதல் 2013 வரை, நாட்டின் அரசு வழக்குத் தொடர்வு இயக்குநராக இருந்தவர், 2024இல் லேபர் கட்சியின் சார்பில் பிரதமரான கியர் ஸ்டார்மர். இதை வைத்து அவர்மீது வீசப்படும் குற்றச்சாட்டுகளில் பாதி உண்மையும் பாதி அரசியலும் கலந்திருக்கின்றன. 2009 முடிவு அவருடைய அமைப்பில்தான் எடுக்கப்பட்டது. அதைத் திருத்திய அஃப்சலும் அதே அமைப்பைச் சேர்ந்தவர்தான். 2013 அக்டோபரில் ஸ்டார்மர் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல், பாதிக்கப்பட்டவரின் நடத்தையை எடைபோடுவதை விட்டுவிட்டுக் குற்றச்சாட்டின் உண்மையை ஆராயுங்கள் என்று வழக்கறிஞர்களுக்குச் சொன்னது. மது குடித்தாள், காவலரைத் திட்டினாள், குற்றவாளியிடமே திரும்பிப் போனாள் என்பவையெல்லாம் அவள் பொய் சொல்கிறாள் என்பதற்குச் சான்றுகள் அல்ல, சுரண்டலின் அடையாளங்களாகவே இருக்கலாம் என்ற தெளிவு அரசு ஆவணத்தில் இடம்பெற்றது ஒரு பெரிய திருப்பம். அரசியல் மேடைகளில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பிறகு அறிக்கைகளின் காலம் வந்தது. ரோதர்ஹாம் கவுன்சிலை ஆய்வு செய்த மூத்த அரசு அதிகாரி லூயிஸ் கேசி, அது இயங்கத் தகுதியற்றது என்று 2015 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னார். மத்திய அரசு ஆணையர்களை அனுப்பி அதன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. டெல்ஃபோர்டில் டாம் குரோதர் நடத்திய விசாரணை, பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக 2022 ஜூலையில் சொன்னது. அலெக்சிஸ் ஜே தலைமையில் முடிந்த குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றிய தேசிய விசாரணை ஏழு ஆண்டுகள் நடந்து, ஏறத்தாழ 18 கோடியே 60 லட்சம் பவுண்டு செலவில், 2022 அக்டோபரில் 20 பரிந்துரைகளை முன்வைத்தது. தேவாலயங்கள், உறைவிடப் பள்ளிகள், காப்பகங்கள், நாடாளுமன்ற வட்டாரம் என எல்லாவற்றையும் அது தொட்டது. கும்பல் சுரண்டல் அதன் பல பிரிவுகளில் ஒன்று மட்டுமே. அப்போதைய கன்சர்வேட்டிவ் அரசு பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றைக் கொள்கையளவில் ஏற்றது. ஆனால் 2024இல் ஆட்சி மாறும்போது அவற்றில் ஒன்றுகூட முழுமையாக நிறைவேறியிருக்கவில்லை.

தனிநபர் பொறுப்பு என்ற கேள்வியில் இந்த ஏமாற்றம் இன்னும் கூர்மையானது. ரோதர்ஹாம் தொடர்பாகத் தெற்கு யார்க்ஷயர் காவல்துறையின் 47 அதிகாரிகளைக் காவல்துறைக் கண்காணிப்பு அமைப்பு பல ஆண்டுகள் விசாரித்தது. இறுதியில் ஒருவர்கூட வேலையிழக்கவில்லை. ஒரு நிறுவனம் ‘பாடம் கற்றுக்கொண்டோம்’ என்று அறிக்கை விடும்போது பாதிக்கப்பட்ட பெண்கள் கசப்போடு சிரிப்பதற்கு இதுவே காரணம். தேசிய விசாரணை வேண்டும் என்று அவர்கள் கேட்டதன் பொருளும் இதில் இருக்கிறது. பரிந்துரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. ஆவணங்களைக் கொடு என்று கட்டளையிடவும், சத்தியப் பிரமாணத்தின் பேரில் அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றவும் கூடிய அதிகாரம்தான் உள்ளூர் விசாரணைகளுக்கு இருந்ததில்லை.

மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஓல்டம் ஊரின் கவுன்சில், மத்திய அரசே அங்கே ஒரு விசாரணை நடத்த வேண்டும் என்று 2024இல் கேட்டபோது, பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான உள்துறை இணையமைச்சர் ஜெஸ் ஃபிலிப்ஸ், டெல்ஃபோர்டைப் போல உள்ளூரிலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று அக்டோபரில் மறுத்துவிட்டார். 2025 ஜனவரியில் ஈலோன் மஸ்க் அதை எக்ஸ் தளத்தில் கையிலெடுத்ததும் உலகம் முழுவதும் கூச்சலாயிற்று. தேசிய விசாரணை கோரி எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்குக் கொண்டுவந்த திருத்தத்தை ஆளுங்கட்சி 364க்கு 111 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. அடுத்த வாரமே உள்துறை அமைச்சர் இவெட் கூப்பர், கேசியைக் கொண்டு ஓர் அவசரத் தணிக்கையும், ஐந்து இடங்கள்வரை உள்ளூர் விசாரணைகளுக்கு நிதி உதவியும் அறிவித்தார். மஸ்க்கின் நோக்கம் குழந்தைகளின் நலன்தான் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த அழுத்தம் இல்லாமல் கேசியின் தணிக்கை வந்திருக்குமா என்ற கேள்விக்கு, வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

2025 ஜூன் 16 அன்று வெளியான அந்தத் தணிக்கையும் அதன் 12 பரிந்துரைகளும்தான் இன்றைய கொள்கையின் அடித்தளம். தேசிய விசாரணை தேவையில்லை என்ற எண்ணத்தோடு தொடங்கிய கேசி, ஆவணங்களைப் பார்த்த பிறகு தேவை என்ற முடிவுக்கு வந்தார். அறிக்கை வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பே ஸ்டார்மரும் அதை ஏற்பதாக அறிவித்துவிட்டார். அரசு 12 பரிந்துரைகளையும் ஏற்றது.

அவற்றில் மிக முக்கியமானதாக நான் கருதுவது முதல் பரிந்துரை. இங்கிலாந்தில் பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது 16. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டப்படி 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடம் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது நேராகவே வன்புணர்வு. ஆனால் 13 முதல் 15 வயதுவரை உள்ளவர்கள் விஷயத்தில், வன்புணர்வு என்று வழக்குத் தொடர வேண்டுமானால் சம்மதம் இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ‘குழந்தையுடன் பாலியல் செயல்’ என்ற சற்றே சிறிய குற்றமே மிஞ்சும். இந்த இடைவெளியில்தான் எத்தனையோ வழக்குகள் விழுந்து தொலைந்தன. பதினான்கு வயதுப் பெண், முப்பது வயது ஆணை ‘என் பாய்ஃப்ரெண்ட்’ என்று சொன்னால் போதும். வன்புணர்வுக் குற்றச்சாட்டு குறைக்கப்படும் அல்லது கைவிடப்படும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் உடலுறவு கொள்ளும் பெரியவர்மீது வன்புணர்வுக் குற்றமே சுமத்தப்பட வேண்டும் என்று கேசி கேட்டார். தங்களுக்குள் பழகும் இரண்டு பதின்ம வயதினரைக் குற்றவாளிகளாக்காதபடி அதை வகுப்போம் என்று அரசு சொன்னது. இந்தியாவின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற வாதத்துக்கே இடமில்லை என்பதை அறிந்த நம் வாசகர்களுக்கு, பிரிட்டன் இதை இவ்வளவு தாமதமாகப் பேசுவது வியப்பாகவே இருக்கும். ஆனால் போக்சோவில் பதின்ம வயதுக் காதலர்கள் சிக்கிக்கொள்வதையும் நாம் பார்க்கிறோம் என்பதால், அந்த விதிவிலக்கை வகுப்பது எளிய வேலையல்ல என்பதும் நமக்குத் தெரியும்.

இதோடு சேர்ந்தது, சிறுமிகளாக இருந்தபோது விபசாரக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பெண்களின் தண்டனைகளை நீக்குவது. 2015 வரை சட்டப் புத்தகத்திலேயே ‘குழந்தை விபசாரம்’ என்ற சொல் இருந்தது என்றால், அந்த நாட்டின் காவலர் ஒருவர் தெருவில் நின்ற சிறுமியைக் குற்றவாளியாகப் பார்த்ததற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து, எல்லோரும் சுற்றிவளைத்துப் பேசும் விஷயம்: குற்றவாளிகளின் இனப் பின்னணி. ரோதர்ஹாமில் அடையாளம் தெரிந்த குற்றவாளிகளில் பெரும்பாலோர் பாகிஸ்தானிய வம்சாவளி ஆண்கள். இனவெறியர் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து அதைச் சொல்ல ஊழியர்கள் தயங்கினார்கள் என்பதை ஜே 2014லேயே பதிவு செய்தார். ஒரு குழந்தையின் கோப்பில் ‘பாகிஸ்தானி’ என்ற சொல் வெள்ளை மை பூசி அழிக்கப்பட்டிருந்ததைத் தாமே கண்டதாகக் கேசி சொன்னார். மறுபக்கம், 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆய்வறிக்கை, கும்பல் குற்றவாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்களாக இருக்கலாம் என்று சொன்னது. அதற்குப் போதிய தரவு ஆதாரம் இல்லை என்று கேசி அதை வெளிப்படையாகவே நிராகரித்தார். குற்றவாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரின் இனம் பதிவே செய்யப்படவில்லை என்பது அவருடைய தணிக்கையின் மிகக் கடுமையான கண்டுபிடிப்பு. நாடு முழுவதற்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் கிரேட்டர் மான்செஸ்டர், தெற்கு யார்க்ஷயர், மேற்கு யார்க்ஷயர் ஆகிய மூன்று காவல் பகுதிகளின் தரவுகளில், சந்தேக நபர்களிடையே ஆசிய இனத்து ஆண்களின் விகிதம் மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதி என்று அவர் எழுதினார்.

இதைச் சொல்வதால் ஒரு சமூகம் முழுவதும் குற்றவாளியாகிவிடாது. சொல்லாமல் விட்டதால் அந்தச் சமூகம் காப்பாற்றப்படவும் இல்லை. வெற்றிடத்தை நிரப்பியவர்கள் தீவிர வலதுசாரிகள். அவர்கள் தெருவில் இறங்கியபோது அடி வாங்கியவர்கள் இக்குற்றங்களோடு சம்பந்தமே இல்லாத கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகள்மீது நடக்கும் பாலியல் கொடுமையில் பெரும்பகுதி குடும்பத்துக்குள்ளும் அறிமுகமானவர்களாலும் நடப்பது என்பதும் இந்தச் சத்தத்தில் மறைந்துபோகிறது. 2023இல் கும்பல் சுரண்டல் என்று காவல்துறைப் பதிவில் வந்தவை ஏறத்தாழ 700 குற்றங்களே. அது உண்மையான அளவைவிட மிகவும் குறைவு என்பதில் கேசிக்குச் சந்தேகமில்லை. சந்தேக நபர் ஒவ்வொருவரின் இனமும் குடியுரிமையும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற பரிந்துரையை நான் முழுமனதோடு ஆதரிப்பது இதனால்தான். எண்கள் இருந்தால், யூகத்தை விற்பவர்களுக்கும் மறைப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் கடை மூடும்.

அரைகுறையானது என்று நான் சொன்னது, தகவல் தெரிவிக்கும் கட்டாயக் கடமையை. 2022இல் முடிந்த ஜேயின் தேசிய விசாரணை கேட்டது தெளிவானது: குழந்தைகளோடு வேலை செய்பவர்களிடம் ஒரு குழந்தை சொன்னாலோ அவர்களே நேரில் கண்டாலோ தகவல் தெரிவித்தாக வேண்டும், தவறினால் அது குற்றம், சுரண்டலின் அறிகுறிகளைக் கண்டாலும், தண்டனை இல்லாவிட்டாலும், தெரிவிக்கும் கடமை உண்டு. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிமுகமான குற்றம் மற்றும் காவல்துறை மசோதாவில் வந்த வடிவம் மெலிந்தது. அறிகுறிகள் விடப்பட்டன. சும்மா இருந்தவருக்குத் தண்டனை இல்லை, துறைசார் நடவடிக்கை மட்டுமே. பிறரைத் தகவல் தெரிவிக்க விடாமல் தடுப்பவருக்கு மட்டும் ஏழு ஆண்டுகள்வரை சிறை. போக்சோவின் 19, 21 ஆகிய பிரிவுகளின்படி தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதச் சிறை வரலாம் என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். பயந்துபோன ஊழியர்கள் எதற்கெடுத்தாலும் புகார் அனுப்பி அமைப்பையே திணறடிப்பார்கள் என்பது அரசின் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் குற்றத்தில் குழந்தை வாய்திறந்து சொல்வதே அரிது. திரும்பத் திரும்பக் காணாமல் போவது, விலையுயர்ந்த புதிய போன், பாலுறவால் வரும் தொற்று என அறிகுறிகளே முதலில் தெரியும். அவற்றையே கடமையிலிருந்து விட்டுவிட்டால், ராச்டேலில் அந்தச் சுகாதார ஊழியர் எழுதிய கடிதங்களில் பல கட்டாயக் கடமையின் வரம்புக்குள்ளேயே வந்திருக்காது.

வாடகைக் கார் உரிமம் சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் அப்படியல்ல. ஒரு கவுன்சில் கடுமையான விதிகள் வைத்தால், ஓட்டுநர் வேறு ஊர்க் கவுன்சிலில் உரிமம் எடுத்துக்கொண்டு இங்கேயே ஓட்டலாம். ரோதர்ஹாம் தன் விதிகளைக் கடுமையாக்கி, கார்களுக்குள் கேமரா வரை கட்டாயப்படுத்தியது; வெளியூர் உரிமத்தோடு வரும் கார்களை அது ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த ஓட்டையை அடைக்கச் சொன்னார் கேசி. அரசும் தேசியத் தரத்துக்கு ஒப்புக்கொண்டது.

குற்ற விசாரணைப் பக்கம், தேசியக் குற்ற முகமையின் தலைமையில், மேல்நடவடிக்கை இல்லாமல் மூடப்பட்ட 800க்கும் மேற்பட்ட வழக்குகள் மறுஆய்வுக்கு எடுக்கப்பட்டன. ரோதர்ஹாமில் 2014 முதல் அதே முகமை நடத்திவரும் விசாரணை, பொறுமையும் பயிற்சியும் பணமும் இருந்தால் இருபது ஆண்டு பழைய குற்றத்துக்கும் தண்டனை வாங்கித்தர முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. சிக்கல் அதற்கு அப்பால்: கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 2025இல் 75,000ஐத் தாண்டின. பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து வாய்திறந்த பெண்ணை இன்னும் மூன்றாண்டு காத்திருக்கச் சொன்னால், பலர் வழக்கிலிருந்தே விலகிவிடுகிறார்கள். உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்புகளில் நீதித்துறையின் இந்த வறுமை இடம்பெறுவதே இல்லை.

தேசிய விசாரணையின் தொடக்கமும் நம்பிக்கையூட்டுவதாக இல்லை. 2025 அக்டோபரில், பாதிக்கப்பட்ட பெண்களில் சிலர், விசாரணையின் எல்லை விரிவாக்கப்பட்டு நீர்த்துப்போகிறது என்று சொல்லி ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். தலைவர் பதவிக்குப் பேசப்பட்ட இருவரும் பின்வாங்கினார்கள். ஒருவர் சமூகப் பணியிலிருந்தும் மற்றவர் காவல்துறையிலிருந்தும் வந்தவர்கள் என்பதே எதிர்ப்புக்குக் காரணம். தங்களைக் கைவிட்ட இரு துறைகளைச் சேர்ந்தவர்களே தங்களுக்கு நீதிபதிகளா என்று அந்தப் பெண்கள் கேட்டதில் தவறு காண முடியவில்லை. டிசம்பரில், இங்கிலாந்தின் முன்னாள் குழந்தைகள் ஆணையர் ஆன் லாங்ஃபீல்ட் தலைவராக அறிவிக்கப்பட்டார். மூன்று ஆண்டுக் காலவரம்பு, 6 கோடியே 50 லட்சம் பவுண்டு நிதி, ஓல்டமில் கட்டாயம் ஓர் உள்ளூர் விசாரணை என்பவை உறுதி செய்யப்பட்டன. சாட்சிகளை வரவழைக்கும் சட்ட அதிகாரமும் அதற்கு உண்டு.

கடைசியாக, அரசு பின்வாங்கிய இடங்கள். பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டு வழக்குத் தொடுக்க இருந்த மூன்று ஆண்டுக் காலவரம்பை நீக்க அரசு ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. ஆனால் ஜே பரிந்துரைத்த தேசிய நிவாரணத் திட்டத்தை இப்போதைக்கு முன்னெடுக்க முடியாது என்று 2025இல் சொல்லிவிட்டது. குற்றத்தால் காயமடைந்தோருக்கான அரசு இழப்பீட்டு விதிகளையும் திருத்த மறுத்தது. அந்த விதிகளின்படி, சிறைத்தண்டனை போன்றவை பெற்று, சட்டப்படி அந்தத் தண்டனைப் பதிவு காலாவதியாகாதவர்களுக்கு இழப்பீடு மறுக்கப்படும். கும்பலின் மிரட்டலுக்குப் பயந்து போதைப்பொருள் சுமந்தோ திருடியோ தண்டிக்கப்பட்ட பெண்ணுக்கு, அவளைச் சுரண்டியவர்கள் சிறைக்குப் போன பிறகும், இந்த விதி அப்படியே பொருந்துகிறது.